குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் கருவியலாளரின் பொறுப்பும் வம்சப் பாதுகாப்பும்

மக்கட்பேறு இறைவனின் அருட்கொடை என்பதும், அதனை யாருக்கு அளிப்பது, யாருக்கு அளிக்காதிருப்பது என்பது அவனது நாட்டத்தைச் சார்ந்தது என்பதும் முஸ்லிம்களின் அடிப்படை நம்பிக்கையாகும். அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50ஆம் வசனங்கள் இவ்வுண்மையை எடுத்துரைக்கின்றன. எனினும், பிள்ளையின்மையை மாற்றவியலாத விதியாகக் கொண்டு ஒதுங்கியிருக்குமாறு இஸ்லாம் எவரையும் பணிக்கவில்லை. தலை நரைத்து, எலும்புகள் தளர்ந்த பருவத்திலும் ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் ஒரு வாரிசை வேண்டி இறைவனிடம் கையேந்தியதை மர்யம் அத்தியாயம் பதிவு செய்துள்ளது. நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணானதன்று என்பதே உலமாக்களின் பொதுவான நிலைப்பாடாகும்.

இந்த அடிப்படையில்தான், 1978ஆம் ஆண்டில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்ததைத் தொடர்ந்து, செயற்கை முறைக் கருத்தரிப்புப் பற்றிய விவாதம் முஸ்லிம் உலகிலும் எழுந்தது. கணவன் யார், மனைவி யார், சினைமுட்டை எவருடையது, விந்தணு எவருடையது, யாருடைய கருப்பையில் கரு வளர்கிறது என்னும் வினாக்கள் விரிவாக ஆராயப்பட்டன. மருத்துவரின் கடமைகளும் பேசப்பட்டன. ஆயின், இவர்கள் அனைவருக்கும் இடையில் நின்று, கருவைத் தம் கைகளில் ஏந்தும் ஒருவரைப் பற்றி நம் சமூகத்தில் போதிய அளவு பேசப்படவில்லை. அவரே கருவியலாளர். ஷரீஅத் இச்சிகிச்சைக்கு வகுத்த நிபந்தனைகள் நடைமுறையில் நிறைவேறுவதும் நிறைவேறாமற் போவதும் பெரும்பாலும் அவர் பணிபுரியும் ஆய்வகத்தில்தான் என்பதால், அவருடைய பணியை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

யார் இந்தக் கருவியலாளர்?

பெண்ணின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட சினைமுட்டையும் ஆணின் விந்தணுவும் ஆய்வகத்திற்குள் வந்து சேரும் கணம் முதல், உருவான கரு கருப்பைக்குள் வைக்கப்படும் கணம் வரை அவற்றைப் பொறுப்பேற்றுக் காப்பவரே கருவியலாளர். மருத்துவமனைகளில் இவரை எம்ப்ரியாலஜிஸ்ட் என்று அழைப்பர். இவர் பெரும்பாலும் உயிரியல் சார்ந்த துறைகளில் முதுகலைப் பட்டமோ ஆய்வுப் பட்டமோ பெற்றவர். மருத்துவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நோயாளியின் நாடியைப் பார்ப்பதும் மருந்துச் சீட்டு எழுதுவதும் இவர் பணியல்ல. ஆகவே, மாதக்கணக்கில் சிகிச்சை பெறும் தம்பதியர் பலர் தம் கருவியலாளரை ஒருமுறைகூட நேரில் காண்பதில்லை.

இத்துறையின் பிறப்பே இவ்வுண்மைக்குச் சான்றாக அமைந்துள்ளது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது உலகம் இரு பெயர்களை அறிந்துகொண்டது. ஒருவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிவியலாளர் ராபர்ட் எட்வர்ட்ஸ். மற்றவர் மகப்பேற்று மருத்துவர் பாட்ரிக் ஸ்டெப்டோ. மூன்றாமவர் ஒருவரும் இருந்தார். செவிலியர் பயிற்சி பெற்று, 1968இல் எட்வர்ட்ஸின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்த ஜீன் பர்டி என்னும் பெண்மணியே அவர். வளர்ப்பு ஊடகங்களைத் தயாரித்தவரும், ஆய்வகக் குறிப்புகளைப் பேணியவரும் அவரே. பின்னர் லூயிஸாகப் பிறந்த கரு பிளவுற்று வளர்வதை நுண்ணோக்கியில் முதன்முதலாகக் கண்டவரும் அவரே. அவ்வகையில் உலகின் முதல் மருத்துவக் கருவியலாளர் என்று அவரை இன்று குறிப்பிடுகின்றனர்.

ஓல்டாம் மருத்துவமனையில் நினைவுப் பலகை அமைக்கப்பட்டபோது, பர்டியின் பெயரும் அதில் இடம்பெற வேண்டுமென்று எட்வர்ட்ஸ் எழுத்து மூலம் வலியுறுத்தியும் அது சேர்க்கப்படவில்லை. இதனைக் காட்டும் கடிதங்கள் 2019இல் வெளியாயின. பர்டி 1985இல் தம் 39ஆம் வயதில் காலமானார். 2010இல் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது பர்டியும் ஸ்டெப்டோவும் உயிருடன் இல்லை. 2015இல் நிறுவப்பட்ட பலகையில்தான் மூவர் பெயரும் ஒருங்கே இடம்பெற்றன.

இந்தியாவிலும் இதனையொத்த வரலாறு உண்டு. 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில், டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் துர்கா என்று அறியப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. அவருடன் மகப்பேற்று மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும், உறைநிலை உயிரியலில் தேர்ந்த சுனித் முகர்ஜியும் பணியாற்றினர். கருவை உறையவைத்துப் பாதுகாத்துப் பின்னர் கருப்பையில் வைத்தமை அவர்களின் தனிச்சிறப்பாகும். உறைநிலைக் கருவிலிருந்து குழந்தை பிறந்ததாக மேலை நாடுகளில் அறிவிக்கப்பட்டது 1984இல்தான், மெல்பர்னில். எனினும் முகோபாத்யாயின் சாதனையை அன்றைய அரசு நியமித்த குழு ஏற்க மறுத்தது. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த குழந்தைக்குப் பின்னாலிருந்த அறிவியலாளரான டி.சி. ஆனந்தகுமார், முகோபாத்யாயின் குறிப்புகளை ஆராய்ந்து, 1997இல் அவருடைய முன்னுரிமையை உலகறியச் செய்தார். தமக்குரிய புகழைத் தாமே முன்வந்து இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்த இச்செயல் அறிவியல் நேர்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

முஸ்லிம் உலகில், எகிப்தின் கெய்ரோவையடுத்த மஆதியில் 1986இல் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. முஹம்மது அபுல்கார், ஜமால் செரூர் ஆகிய மகப்பேற்று மருத்துவர்களுடன் அதனை நிறுவியவர்களுள் ரஜா மன்சூர் என்னும் பெண்மணியும் ஒருவர். அந்நிலையத்தின் ஆய்வகப் பணிகளை முன்னின்று நடத்தியவர் அவர். எகிப்தின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1987இல் பிறந்தது.

ஆய்வகத்தில் நடைபெறுவது என்ன?

சிகிச்சையின் தொடக்கத்தில் பெண்ணுக்கு ஊசி மருந்துகள் செலுத்தப்பட்டு, சினைப்பையில் ஒரே நேரத்தில் பல சினைமுட்டைகள் வளரத் தூண்டப்படுகின்றன. உரிய நாளில் மருத்துவர் மெல்லிய ஊசியின் வழியாகக் கொப்புளங்களிலுள்ள நீரை உறிஞ்சி எடுக்கிறார். அந்நீர் இளஞ்சூடான குழாய்களில் உடனுக்குடன் ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகிறது. மருத்துவரின் பணி ஏறத்தாழ இங்கு இடைநிற்கிறது. கருவியலாளரின் பணி தொடங்குகிறது.

சினைமுட்டையின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லி மீட்டர். அச்செழுத்தின் முற்றுப்புள்ளியை விடவும் அது சிறியது. குருதியும் நீரும் கலந்த திரவத்தில் அதனைத் தேடிக் கண்டெடுத்து, கழுவி, வளர்ப்பு ஊடகத்தில் இடுவது முதற்பணி. மறுபுறம், கணவனின் விந்திலிருந்து நன்கு இயங்கும் விந்தணுக்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. விந்தணுக்கள் போதிய அளவில் இருப்பின், பல்லாயிரம் விந்தணுக்களுடன் சினைமுட்டை ஒரே தட்டில் விடப்பட்டு, கருவுறுதல் தானாக நிகழக் காத்திருப்பர்.

விந்தணுக்கள் மிகக் குறைவாகவோ இயக்கமற்றோ இருப்பின் இக்ஸி எனப்படும் முறை கையாளப்படுகிறது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜான்பியேரோ பலெர்மோவும் அவர்தம் குழுவினரும் 1992இல் இம்முறையை உலகுக்கு அறிவித்தனர். இதில் கருவியலாளர் ஒரேயொரு விந்தணுவைத் தேர்ந்து, அதன் வாலை அழுத்தி அசைவை நிறுத்தி, மயிரிழையினும் மெல்லிய கண்ணாடி ஊசிக்குள் ஏற்றி, சினைமுட்டையின் உட்புறத்தில் செலுத்துகிறார். ஊசி செல்லும் திசை சற்றுப் பிறழ்ந்தாலும் சினைமுட்டையின் நுண்ணமைப்புச் சிதைந்துவிடக்கூடும்.

இம்முறையின் சமூக விளைவு முஸ்லிம்களிடையே மிகப் பெரிது. அந்நிய ஆணின் விந்தைப் பெறுவது ஸுன்னி உலமாக்களால் ஏகமனதாக விலக்கப்பட்ட நிலையில், ஆண் குறைபாடு கொண்ட தம்பதியருக்கு முன்னர் வேறு வழி இருக்கவில்லை. விந்தில் அணுக்களே காணப்படாத ஆண்களுள் ஒரு பகுதியினருக்கு விரையிலிருந்தே நேரடியாக விந்தணு எடுத்து இக்ஸி செய்வதும் பின்னர் இயலுவதாயிற்று. அரபு நாடுகளில் பல்லாண்டுகள் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் மார்சியா இன்ஹார்ன், மணவாழ்வைக் குலையாமல் தம் சொந்தப் பிள்ளையைப் பெறும் நம்பிக்கையை இம்முறை முஸ்லிம் ஆண்களுக்கு அளித்ததை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

விந்தணுவும் சினைமுட்டையும் இணைந்த 16 முதல் 18 மணி நேரத்தில் கருவியலாளர் மீண்டும் நுண்ணோக்கியில் நோக்குகிறார். தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு உட்கருக்கள் அருகருகே தென்பட்டால் கருவுறுதல் முறையாக நிகழ்ந்துள்ளது என்று பொருள். மூன்று தென்பட்டால் அக்கரு இயல்பானதன்று. பொதுவாக இரண்டாம் நாளில் நான்கு செல்களாகவும், மூன்றாம் நாளில் எட்டுச் செல்களாகவும் கரு பெருகுகிறது. ஐந்தாம் நாளில் நீர் நிறைந்த நுண்கோளமாக, பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும் நிலையை அடைகிறது. அதன் உட்புறத்தில் திரண்டிருக்கும் செல்களிலிருந்தே குழந்தை உருவாகும். வெளிப்புறச் செல்கள் நஞ்சுக்கொடியாக வளரும்.

இவ்வைந்து நாள்களும் ஆய்வகமே கருவுக்குக் கருப்பையின் இடத்தில் நிற்கிறது. 37 பாகை வெப்பமும், உரிய அளவு கரியமில வாயுவும், வெளிக்காற்றிலுள்ளதை விடக் குறைந்த பிராணவாயுவும் இன்குபேட்டரில் இடையறாது பேணப்படுகின்றன. காற்று வடிகட்டப்பட்டே உள்ளே விடப்படுகிறது. வண்ணப்பூச்சு, துப்புரவுத் திரவம், நறுமணப் பொருள் ஆகியவற்றிலிருந்து எழும் ஆவி கருவுக்குத் தீங்கிழைக்கக்கூடும் என்பதால் கருவியலாளர்கள் வாசனைத் திரவியம் பூசி உள்ளே நுழைவதில்லை. ஜும்ஆவுக்கு அத்தர் பூசிச் செல்வதை வழக்கமாகக் கொண்ட ஒருவர் இத்தொழிலில் இருப்பாராயின், பணி நாள்களில் அதனைத் தவிர்த்தே ஆகவேண்டும்.

கரு மாற்றும் நாளில், தேர்ந்தெடுத்த கருவைக் கருவியலாளர் மெல்லிய குழாயில் ஒரு துளி ஊடகத்துடன் ஏற்றி மருத்துவரிடம் அளிக்கிறார். மருத்துவர் அதனைக் கருப்பையில் சேர்த்த பின்னரும் பணி முடிவதில்லை. அக்குழாய் மீண்டும் ஆய்வகத்திற்கு வருகிறது. கரு அதிலேயே தங்கிவிட்டதா என்று நுண்ணோக்கியில் பார்த்து, இல்லையென்று அவர் அறிவித்த பின்னரே பெண் எழுந்திருக்க அனுமதிக்கப்படுவது பல நிலையங்களின் வழக்கம்.

தேர்வும் அதன் எல்லையும்

பல கருக்கள் உருவாகும்போது எதனை முதலில் மாற்றுவது என்னும் தேர்வு கருவியலாளரைச் சார்ந்தது. செல்களின் எண்ணிக்கை, அவற்றின் சமச்சீர், சிதறிய துணுக்குகளின் அளவு, ஐந்தாம் நாளில் உட்திரளின் தோற்றம் ஆகியவற்றைக் கொண்டு கருக்களை அவர் தரப்படுத்துகிறார். ஆயினும் இத்தரம் கண்ணுக்குப் புலப்படும் தோற்றத்தை அடிப்படையாகக் கொண்ட ஓர் அனுமானமேயன்றி உறுதியன்று. மிகச் சிறந்ததாகக் கணிக்கப்பட்ட கரு தங்காமற் போவதும், குறைந்த தரம் பெற்ற கரு நலமான குழந்தையாகப் பிறப்பதும் நாள்தோறும் நிகழ்பவை.

ஆகவே, கருவியலாளர் உயிரைப் படைக்கிறார் என்னும் அச்சமும் பெருமிதமும் இரண்டுமே பொருந்தாதவை. முன்னரே படைக்கப்பட்ட இரு அணுக்கள் சந்திப்பதற்குரிய சூழலை அவர் அமைத்துத் தருகிறார். அதற்கப்பால் அவர் பார்வையாளரே. நுத்ஃபா, அலகா, முழ்கா என்று கருவளர்ச்சியின் படிகளை எடுத்துரைக்கும் அல்முஃமினூன் அத்தியாயம், படைப்பவன் யார் என்பதை நினைவூட்டியே அப்பகுதியை நிறைவு செய்கிறது. அறிவியலாளரும் ஆய்வகத்தில் கற்றுக்கொள்வது ஏறத்தாழ இப்பாடமே.

ஷரீஅத் வகுத்த நிபந்தனையும் ஆய்வகமும்

இச்சிகிச்சை குறித்து ஸுன்னி உலகில் வெளியான தொடக்க ஃபத்வாக்களுள் முதன்மையானது 1980 மார்ச் 23 அன்று எகிப்தில் வழங்கப்பட்டதாகும். அன்று எகிப்தின் முஃப்தியாகவும் பின்னர் அல்அஸ்ஹரின் ஷைகாகவும் விளங்கிய ஜாதுல் ஹக் அலீ ஜாதுல் ஹக் அவர்கள் அதனை வழங்கினார்கள். மருத்துவத் தேவையுள்ள கணவன் மனைவியருக்கு இது ஆகுமானது என்று கூறிய அவர்கள், கணவனின் விந்தணு மாற்றப்படவோ பிறருடையதுடன் கலக்கப்படவோ இல்லை என்பது உறுதியாக இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக விதித்தார்கள்.

1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, அன்று நடைமுறையிலிருந்த ஏழு முறைகளை ஆராய்ந்தது. அவற்றுள் ஐந்தினை ஹராம் எனத் தீர்மானித்தது. அந்நிய ஆணின் விந்தணு, அந்நியப் பெண்ணின் சினைமுட்டை, வாடகைக் கருப்பை ஆகியவற்றுடன், ஒரே கணவனின் இன்னொரு மனைவியின் கருப்பையைப் பயன்படுத்துவதும் அவ்வைந்தினுள் அடங்கும். கணவனின் விந்தணுவும் மனைவியின் சினைமுட்டையும் வெளியில் இணைக்கப்பட்டு அதே மனைவியின் கருப்பையில் வைக்கப்படுவதையும், கணவனின் விந்து மனைவியின் உடலினுள்ளேயே செலுத்தப்படுவதையும் தேவை கருதி அனுமதித்தது. தேவையான முன்னெச்சரிக்கைகள் அனைத்தும் மேற்கொள்ளப்பட வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது. ஷீஆ உலகில் நிலை சற்று வேறுபட்டது. 1999இல் ஆயத்துல்லாஹ் காமெனயி அவர்கள் சில நிபந்தனைகளுடன் சினைமுட்டைக் கொடையை அனுமதித்தார்கள். கருக்கொடை குறித்து 2003இல் ஈரானில் சட்டமும் இயற்றப்பட்டது.

இத்தீர்ப்புகளின் பின்னணியில் நிற்கும் கோட்பாடு வம்சப் பாதுகாப்பாகும். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் ஆகிய ஐந்தினைக் காப்பதே ஷரீஅத்தின் அடிப்படை நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அல்முஸ்தஸ்ஃபாவில் வகைப்படுத்தினார்கள். ஒருவரின் நஸப் தெளிவாக இருந்தால்தான் யாரை மணக்கலாம், யார் மஹ்ரம், யார் யாருக்கு வாரிசு, யாருக்கு யார் வலீ என்பவை தெளிவாகும். பிள்ளைகளை அவர்தம் தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயம் பணிப்பதும் இது கருதியே.

இங்குதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்றமும் கலப்பும் நிகழவில்லை என்னும் உறுதியைத் தர வல்லவர் யார்? ஃபத்வா அளித்த ஆலிம் அந்த அறையில் இல்லை. கணவனும் மனைவியும் இல்லை. மருத்துவரும் அடுத்த அறையில் இருக்கிறார். வெறுங்கண்ணுக்கு இரு ஆண்களின் விந்தில் வேறுபாடு தெரிவதில்லை. நுண்ணோக்கியிலும் ஒரு பெண்ணின் சினைமுட்டையை இன்னொருத்தியினதிலிருந்து பிரித்தறிய இயலாது. தட்டின் மீது எழுதப்பட்ட பெயரும் எண்ணுமே அடையாளம். எனவே, ஃபிக்ஹ் நூல்கள் கூறும் முன்னெச்சரிக்கை என்பது கருவியலாளரின் கையெழுத்திலும் கவனத்திலுமே நிலைபெறுகிறது.

எழுத்தும் சாட்சியும்

இவ்வச்சம் கற்பனையானதன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவமனையொன்றில் சிகிச்சை பெற்ற வெள்ளையினத் தம்பதியருக்கு 2002இல் வேறு இனக் கலப்புடைய இரட்டையர் பிறந்தனர். அம்மனைவியின் சினைமுட்டைகளில் அங்குச் சிகிச்சை பெற்ற இன்னொரு தம்பதியைச் சேர்ந்த ஆணின் விந்தணு தவறுதலாகச் செலுத்தப்பட்டிருந்தது. 2003இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், விந்தணுவுக்குரியவரே சட்டப்படி தந்தை என்று தீர்ப்பளித்தது. பிள்ளைகள் தம்மைப் பெற்ற தாயிடமே வளர்ந்தனர். தோலின் நிறம் வேறுபட்டதால் இப்பிழை வெளிப்பட்டது. இரு தம்பதியரும் ஒரே இனத்தவராயிருந்தால் அது வெளிப்பட்டிருக்குமா என்பது சிந்தனைக்குரியது. தவறுதலாக நேர்ந்த உறவினால் பிறக்கும் குழந்தையின் நஸப் குறித்து ஃபிக்ஹ் நூல்கள் ‘வத்உஷ் ஷுப்ஹா’ என்னும் தலைப்பில் ஆராய்ந்துள்ளவை இவ்விடத்தில் ஒப்புநோக்கத் தக்கவை.

இத்தகைய பிழைகளைத் தவிர்க்கவே இரட்டைச் சாட்சி முறை உலகெங்கும் வலியுறுத்தப்படுகிறது. விந்து பெறப்படும்போது, சினைமுட்டை எடுக்கப்படும்போது, இரண்டும் இணைக்கப்படும்போது, ஒரு தட்டிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றப்படும்போது, உறையவைக்கப்படும்போது, உருக்கப்படும்போது, கருப்பையில் வைக்கப்படும்போது என ஒவ்வொரு படியிலும் கருவியலாளர் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிக்க, இன்னொருவர் அருகில் நின்று சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஒரே மேசையில் ஒரே நேரத்தில் இரு தம்பதியரின் அணுக்கள் இருக்கக்கூடாது. மின்னணுச் சில்லுகள் பொருத்திய தட்டுகள் தவறான இடத்தில் வைக்கப்பட்டால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவிகளும் இன்று பயன்படுகின்றன.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்து இரு சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. பொருளுக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டுமெனில், ஒரு மனிதனின் வம்சத்திற்கு அவை எத்துணை இன்றியமையாதவை என்பது சொல்லாமலே விளங்கும்.

நம் சமூகத்திற்கென்று தனியே ஒரு காரணமும் உண்டு. முஹம்மது, அப்துல் காதர், ஃபாத்திமா, ஆயிஷா போன்ற பெயர்கள் நம் ஊர்களில் தெருவுக்குப் பல. தலையெழுத்தும்கூட ஒன்றாகவே அமைந்துவிடுவதுண்டு. ஒரே நாளில் ஒரே நிலையத்தில் ஒரே பெயருடைய இருவர் வருவது அரிதன்று. ஆகவே பெயரை மட்டும் கொண்டு அடையாளம் காண்பது நம்மவர் பொருட்டுப் போதாது. துணைவரின் பெயர், பிறந்த தேதி, நிலையம் வழங்கிய தனியெண் ஆகியவற்றையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்குமாறு தம்பதியரே கேட்க வேண்டும். மீண்டும் மீண்டும் பெயர் கேட்கப்படுவதை அவமதிப்பாகக் கருதிச் சினப்பது தவறு. அக்கேள்வி அவர்தம் நஸபுக்கான காவலாகும்.

இரட்டைச் சாட்சிக்கு இருவர் வேண்டும். ஆண்டுக்கு 150 சிகிச்சைச் சுழற்சிகள் வரை மேற்கொள்ளும் சிறு ஆய்வகத்திற்கே குறைந்தது இரு கருவியலாளர்கள் வேண்டுமென்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் பரிந்துரைத்துள்ளது. நிலையந்தோறும் தனிக் கருவியலாளர் இன்றி, ஒருவரே பல ஊர்களுக்குப் பயணம் செய்து பணியாற்றும் ஏற்பாடுகளில் இச்சாட்சி முறை எவ்வாறு பேணப்படுகிறது என்று கேட்டறிவது அறிவுடைமை.

உறைநிலைக் கருக்கள்

மாற்றப்படாது எஞ்சும் கருக்கள் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் பாதுகாக்கப்படுகின்றன. பனிப்படிகம் உருவானால் செல் கிழிபடும் என்பதால், கருவிலுள்ள நீரைக் காப்புத் திரவத்தால் பெரிதும் அகற்றி, நொடிப்பொழுதில் கண்ணாடி போன்று உறையச் செய்யும் முறை இன்று கையாளப்படுகிறது. அந்நிலையில் கருவின் வளர்ச்சி முற்றிலும் நின்றுவிடுகிறது. ஆனால் அக்கருவுக்குரிய தம்பதியரின் வாழ்க்கை நிற்பதில்லை என்பதே சிக்கல். தலாக் நிகழலாம், கணவன் மரணிக்கலாம். திருமண உறவு முடிந்த பின்னர் அக்கருவைப் பயன்படுத்தலாகாது என்பது ஸுன்னி அறிஞர்களுள் பெரும்பாலோரின் கருத்தாகும்.

1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹ் அகாடமி, ஒவ்வொரு முறையும் தேவையான எண்ணிக்கையில் மட்டுமே சினைமுட்டைகளைக் கருவுறச் செய்ய வேண்டும் என்றது. உபரிக் கருக்கள் எஞ்சின் அவற்றை மருத்துவப் பராமரிப்பின்றி இயல்பாக முடிவுற விட்டுவிடலாம் என்றும், எந்நிலையிலும் அவை இன்னொரு பெண்ணைச் சென்றடையாதவாறு தடுக்கும் ஏற்பாடுகள் வேண்டுமென்றும் தீர்மானித்தது. எத்தனை சினைமுட்டைகளைக் கருவுறச் செய்வது என்னும் முடிவு, அன்று காலையில் ஆய்வகத்தில் எடுக்கப்படுவதாகும். தம்பதியர் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதித் தராவிடின், கருவியலாளர் பொதுவழக்கப்படியே செயற்படுவார்.

சேமிப்புக் கலன்களைக் கண்காணிப்பதும் அவர்தம் கடமையே. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரு கலனின் வெப்பநிலை உயர்ந்தபோது, தொலைவிலிருந்து எச்சரிக்க வேண்டிய கருவி செயற்படாதிருந்தமையால் 4,000க்கும் மேற்பட்ட சினைமுட்டைகளும் கருக்களும் அழிந்தன. ஏறத்தாழ 950 குடும்பங்கள் பாதிக்கப்பட்டன.

இந்தியாவில் இத்துறையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021இல் இயற்றப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதுடன், தகுதி பெற்ற கருவியலாளர் இருக்க வேண்டும் என்பதையும் சட்டமும் அதன் விதிகளும் வரையறுத்துள்ளன. எஞ்சிய கருக்களை அதே பெண்ணுக்கன்றி வேறெவருக்கும் பயன்படுத்தலாகாது என்றும், பத்தாண்டுகளுக்கு மேல் சேமித்து வைக்கலாகாது என்றும் சட்டம் கூறுகிறது. கருவின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பது ஏற்கெனவே தடை செய்யப்பட்டுள்ளது. கொடையாளரின் அணுக்களைப் பெறுவதைச் சட்டம் அனுமதித்தாலும், அதனை ஏற்பதும் மறுப்பதும் தம்பதியரின் எழுத்து மூலமான ஒப்புதலைப் பொறுத்தது. ஆகவே ஒப்புதல் படிவத்தின் ஒவ்வொரு வரியையும் படித்துப் பொருளறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். படிவம் புரியாத மொழியில் இருப்பின் விளக்கம் கேட்பது அவர்தம் உரிமை.

முடிவுரை

பிள்ளைப்பேறு வேண்டி வருவோர் நிலையத்தின் வெற்றி விழுக்காட்டையும் கட்டணத்தையும் கேட்டறிகின்றனர். அவற்றுடன், ஆய்வகத்தில் எத்தனை கருவியலாளர்கள் உள்ளனர், இரட்டைச் சாட்சி முறை பேணப்படுகிறதா, எங்கள் சினைமுட்டைகளுள் எத்தனை கருவுறச் செய்யப்படும், எஞ்சுபவை என்ன ஆகும், எங்களுள் ஒருவர் இல்லாது போனால் என்ன செய்வீர்கள் என்னும் வினாக்களையும் கேட்க வேண்டும். இவற்றைக் கேட்பது நம்பிக்கையின்மையன்று. ஷரீஅத் வேண்டும் முன்னெச்சரிக்கையின் ஒரு பகுதியே. நல்ல நிலையங்கள் இவ்வினாக்களை வரவேற்கும். கருவியலாளரைச் சில நிமிடங்கள் சந்திக்க விரும்புவதாகக் கேட்பதிலும் பிழையில்லை.

சமூகத்தின் கடமையும் ஒன்றுண்டு. மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயாவாக, அதாவது சமூகத்தில் சிலரேனும் நிறைவேற்றியாக வேண்டிய பொறுப்பாக, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் குறிப்பிட்டார்கள். உயிரியலும் உயிர்த்தொழில்நுட்பமும் பயிலும் நம் இளைஞரும் இளம்பெண்களும் இன்று பலர். ஓல்டாமில் ஜீன் பர்டியும் மஆதியில் ரஜா மன்சூரும் ஆற்றிய பணியைப் போன்று, பொறுமையும் நுண்திறனும் நாணயமும் ஒருங்கே வேண்டப்படும் இத்துறை அவர்களுக்கு ஏற்றது. நஸப் என்றால் என்னவென்று அறிந்த ஒருவர் அந்த மேசையின் முன் அமர்ந்திருப்பது, தம் அமானிதத்தை அங்கு ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் தம்பதியர் அனைவருக்கும், அவர்கள் எச்சமயத்தவராயினும், நன்மையே பயக்கும்.